சிவப்புப் புடவை தொங்கிய விடுதி

மாமு,

எதிர் பிளாக் மாடியில் யாரோ சிவப்புப் புடவை காயப் போட்டிருக்கிறார்கள். திருவொற்றியூர்க் கடல்காற்றில் அது பொங்கிப் பொங்கி அடங்குகிறது. டீயைக் கையில் வைத்துக்கொண்டு தனியாகச் சிரித்தேன். பிறகு உள்ளே போய்ப் பேனாவோடு உட்கார்ந்தேன். ஆமாம், பேனாதான். எனக்கு எழுத வந்துவிட்டது. மெதுவாகத்தான் வருகிறது, ஒரு வரி முடிவதற்குள் டீ ஆறிவிடுகிறது.

ரேஷன் கடை மாடியில் பெரியவர்களுக்குச் சாயங்கால வகுப்பு நடக்கிறது. மற்ற எழுத்தெல்லாம் அடங்கிவிட்டன. 'ழ' மட்டும் மல்லுக்கு நின்றது. நாம் பழத்தைப் பயம் என்றுதானே சொல்வோம்? நான் அப்படியே 'வாயப்பயம்' என்று எழுதி வைத்தேன். பயம் என்றால் அச்சம் தாத்தா, அதைச் சாப்பிட முடியாது என்றார் டீச்சர். வகுப்பே சிரித்தது. நீ இருந்திருந்தால் உன் சிரிப்புத்தான் எல்லாவற்றிலும் பெரிதாக இருந்திருக்கும்.

ராமேஸ்வரம் ஞாபகம் இருக்கிறதா? துறைமுகத்தில் நாம் சேர்ந்து மூட்டை தூக்கிய காலம். உனக்குக் கல்யாணம் ஆன புதிது. பெண்டாட்டிக்குத் தீவு காட்டப் போகிறேன் என்று கிளம்பினாய். துணைக்கு என்னையும் இழுத்துப் போனாய். ஸ்டேஷன் வாசலில் 'ரூம், ரூம்' என்று ஒரு ஆள் நம் பையைப் பிடிக்க, அவன் பின்னாலேயே நடந்தோம். தெரு முழுக்க விடுதிகள், எல்லாவற்றிலும் போர்டுகள். ஒன்றையும் படிக்க நமக்கு வராது. பையை வைத்துவிட்டுக் கடலில் குளிக்கக் கிளம்பும்போது நீதான் மாடியைக் காட்டினாய்.

"செவப்புப் பொடவ தொங்குது பாரு மாமு. அதான் நம்ம வூடு. மறந்துடாத."

நான் மறக்கவில்லை. குளித்து, கோயிலுக்குள் தீர்த்தமாடி, சொட்டச் சொட்டத் திரும்பி வந்தால் எந்த மாடியிலும் புடவை இல்லை. காய்ந்துவிட்டது, எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு தெருத்தெருவாக ஏறி இறங்கினோம். எங்கே போனாலும் உங்கள் பை இங்கே இல்லை என்றார்கள். உன் பெண்டாட்டி, நான் தங்கச்சி என்று கூப்பிடுகிறவள், ஈரத்தோடு யார் வாசற்படியிலோ உட்கார்ந்து அழுதாள். கடைசியில் அந்த ரூம்காரனே டீக்கடையில் நம்மைக் கண்டுபிடித்துக் கூட்டிப் போனான். "வூட்ட நம்பாம பொடவைய நம்பிட்டோம் மாமு" என்று என் காதில் சொன்னாய். அவள் சிரிக்கவில்லை. இனி அந்த ஊர்ப் பக்கமே வரமாட்டேன் என்றாள். கடைசி வரைக்கும் நீ அவளைக் கெஞ்சிக்கொண்டே இருந்தாய்: "ஒரு தபா ஒயுங்கா போய்ட்டு வர்லாம்மே."

இப்போது உன் முதல் திதி வருகிறது. அந்தக் கடற்கரையில்தான் கொடுக்க வேண்டும் என்கிறான் உன் மகன். உன் ஆசை அவனுக்குத் தெரியும். தங்கச்சியோ, நீங்கள் போய் வாருங்கள், நான் இங்கேயே விளக்கேற்றிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டாள். அவள் இல்லாமல் அங்கே போய் உனக்கு என்ன செய்வது?

தங்கும் இடத்தை நீங்களே பாருங்கள் என்று உன் மகன் போனை என் கையில் கொடுத்தான். ஒரு விடுதியில் நீச்சல் குளம். இன்னொன்றில் கட்டிலிலிருந்தே கடல் தெரியுமாம். கடலாண்ட பொறந்துட்டு கடலப் பாக்க ரூமா என்று நீ கேட்பது காதில் விழுந்தது. நான் படங்களை விட்டுவிட்டு எழுத்தைப் படித்தேன், விரல் வைத்து, கூட்டிக் கூட்டி. அவள் முட்டிக்குத் தரைத்தள அறை வேண்டும். கடலுக்கு நடக்கிற தூரமாக இருக்க வேண்டும். அப்படி ஒன்று அகப்பட்டது. 'நிழல் இல்லம்.' ழவில் கொஞ்சம் நின்று, பிறகு தாண்டிவிட்டேன்.

போன் போட்டு நான் கேட்டது ஒன்றே ஒன்று: போர்டு தமிழில் பெரிதாக இருக்கிறதா? இதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை போலிருக்கிறது. ஓர் எழுத்தே ஆள் உயரம் ஐயா என்றார் விடுதிக்காரர்.

அதைத் தங்கச்சியிடம் போய்ச் சொன்னேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பயமா கீதுண்ணே."

"அத்த உரிச்சித் துன்னுமா."

ஒரு கணம் என்னையே பார்த்தாள். பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள் மாமு. நீ போன பிறகு அவள் சிரித்து இன்றுதான் பார்க்கிறேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "போர்ட நீதான் படிக்கணும்" என்றாள்.

நாளைக்கு ரயில். நாங்கள் தொலைய மாட்டோம். ஆனால் உனக்குத்தான் இன்னும் படிக்க வராதே. அதனால் பெட்டி கட்டும்போது ஒரு சிவப்புப் புடவையும் வை என்றேன். தங்கச்சி ஏன் என்று கேட்கவில்லை. பீரோவின் அடியில் மடித்து வைத்திருந்ததை எடுத்து உதறினாள்.

ஜன்னல் கம்பியில் கட்டி வைப்பேன் மாமு. காய்ந்தாலும் எடுக்க மாட்டேன்.