மைனஸை முதலில் கழற்ற வேண்டுமாம்

என் செல்ல மகன் சரவணனுக்கு,

உன் வண்டியின் பேட்டரியை முந்தாநாள் கழற்றி வைத்துவிட்டேன். சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு வராது, உனக்கே தெரியும். கோபம் வந்தால் வரட்டும். கோபப்படவாவது நீ ஒரு நடை வந்தால் நான் வேண்டாம் என்றா சொல்லப் போகிறேன்?

இதை யார் வேண்டுமானாலும் படித்துக்கொள்ளட்டும். முப்பத்து நாலு வயசுப் பிள்ளையை அனுப்பிவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்கும் அப்பன் இந்த ஊரில் நான் ஒருவன்தானா என்ன?

நீ கிளம்பிய நாள் அப்படியே கண்ணில் நிற்கிறது. வயிற்றுக் கட்டியை இந்தத் தீவில் பார்க்க முடியாது, மெயின்லேண்டில் பெரிய ஆஸ்பத்திரியில் காட்டச் சொல்லி ரெஃபர் பண்ணியிருந்தார்கள். வாசலில் ஆட்டோ நிற்கிறது, உன் புவனா பையோடு ஏறி உட்கார்ந்துவிட்டாள். லம்பா லைனிலிருந்து ஏர்போர்ட் என்ன தூரம், ஐந்து நிமிஷம். நீ ஆட்டோவில் ஒரு காலை வைத்துக்கொண்டு வண்டியைத் திரும்பிப் பார்த்தாய். "அப்பா, தினமும் காலைல ஒரு தடவ ஸ்டார்ட் பண்ணி விடுங்க. இல்லாட்டி பேட்டரி இறங்கிடும். மூணு வாரந்தானே" என்றாய். உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, வண்டியைப் பற்றித்தான் பேச்சு. அதில் எனக்குக் கொஞ்சம் எரிச்சல்கூட வந்தது. இப்போது நினைத்தால் அந்த எரிச்சலுக்கு என்னை நானே அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

மூன்று வாரம் முடிவதற்குள் எல்லாம் முடிந்தது. கடைசி நாலு நாள் நானும் சென்னையில் உன் பக்கத்தில் இருந்தேன், அது உனக்குத் தெரிந்ததா என்று எனக்குத் தெரியாது. நானும் புவனாவும் ஒரு சின்னப் பானையோடு திரும்பி வந்து, வண்டூரில் கடலில் கரைத்தோம். மறுநாள் காலை ஏழு மணிக்கு நான் உன் வண்டியை ஸ்டார்ட் பண்ணினேன். நீ சொன்ன வேலையில் என்னால் செய்ய முடிந்தது அது ஒன்றுதான்.

ஏழு மாதம், ஒரு நாள் விடவில்லை. சீட்டைத் துடைப்பேன், சாவியைத் திருப்புவேன், பச்சை விளக்கு எரிகிறதா என்று பார்த்துவிட்டு பட்டனை அமுக்குவேன். எனக்கு ஓட்டத் தெரியாது. ஸ்டாண்டில் நின்றபடி ஐந்து நிமிஷம் ஓடும், அவ்வளவுதான். ஆனால் அந்த ஐந்து நிமிஷம் நீ ஆபீசுக்குக் கிளம்பி வாசலில் நிற்கிறாய், ஹெல்மெட்டைத் தேடுகிறாய். மீதி நாள் முழுக்க நீ இல்லை. இப்படித்தான் என் பொழுது போய்க்கொண்டிருந்தது.

இப்போது புவனாவைப் பற்றிச் சொல்கிறேன். அவள் இங்கேயேதான் இருக்கிறாள். ஹேடோவில் அதே ஆபீஸ், அதே பஸ். உன் அம்மா போய்ச் சேர்ந்து எட்டு வருஷமான வீட்டில், மாமனாரும் மருமகளும் மட்டும் இருப்பதைப் பற்றி நாலு பேர் நாலு விதமாகப் பேசத்தான் செய்கிறார்கள். கச்சால் தீவுத் தோட்டத்திலிருந்து அவள் அண்ணன் வாரம் தவறாமல் போன் பண்ணுகிறான், வந்துவிடு வந்துவிடு என்று. அவன் கூப்பிடுவதில் தப்பே இல்லை. ஆனால் அவளும் போய்விட்டால், சரவணன் தூங்கும்போது எப்படிக் குறட்டை விடுவான் என்று தெரிந்த இன்னொரு ஆள் இந்த வீட்டில் இருக்க மாட்டார். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்தப் பயத்தோடுதான் நான் தினமும் எழுந்திருக்கிறேன்.

உன் மனைவியின் சமையலில் எந்தக் குறையும் இல்லை, ஒன்றைத் தவிர. தினமும் தேங்காய்ச் சட்னி. இட்லிக்குச் சட்னி, சரி. உப்புமாவுக்குச் சட்னி, போகட்டும். முந்தின நாள் மீன் குழம்பும் பழைய சோறும் இருக்கிற அன்றைக்கும் ஓரமாக ஒரு கிண்ணம் சட்னி. "என்னம்மா, உங்க கச்சால்ல மீன் கொழம்புக்குத் தொட்டுக்கச் சட்னியா?" என்று ஒருநாள் கிண்டல் பண்ணினேன். "தேங்கா நெறைய கெடக்குதுங்க மாமா, வீணாப் போகுது" என்றாள். நானும் தொட்டுக்கொண்டு சாப்பிட்டேன்.

போன வாரம் மழை பிடித்துக்கொண்டது. ஒருநாள் காலை ஆறரைக்கே லைட் போய்விட்டது. வழக்கம்போல ஏழு மணிக்கு வண்டியை ஸ்டார்ட் பண்ணினேன். சாரல் அடித்து டேங்க் எல்லாம் நனைந்திருந்ததால், ஓடிக்கொண்டிருக்கும்போதே துணி எடுக்க உள்ளே போனேன். சமையல்கட்டில் புவனா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். முதுகு மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. தலை குனிந்திருந்தது, இரண்டு கையும் மேலே முகத்துப் பக்கம். காதைப் பொத்திக்கொண்டு நிற்கிறாள் என்று நினைத்தேன். சத்தம் காட்டாமல் திரும்பி வந்து வண்டியை அணைத்தேன்.

அன்றைக்குச் சட்னி இல்லை. லைட் இல்லாமல் மிக்ஸி எப்படி ஓடும்? அப்போதுதான் இந்த மரமண்டைக்கு உறைத்தது. இத்தனை மாதமாக நான் வாசலில் சாவியைத் திருப்பிய அதே நிமிஷம் உள்ளே மிக்ஸி ஓடியிருக்கிறது. நான் வண்டியை நிறுத்தியதும் அதுவும் நின்றிருக்கிறது. உன் வண்டிச் சத்தத்தைக் கேட்கத் தாங்காமல் அந்தப் பெண் தினமும் ஒரு மூடித் தேங்காயை அரைத்துக்கொண்டிருக்கிறாள், நான் உட்கார்ந்து கிண்டல் பண்ணிக்கொண்டிருக்கிறேன்.

அன்று சாயங்காலம் அவள் அண்ணன் போன். "அங்க என்ன இருக்கு ஒனக்கு?" என்று அவன் கேட்டது எனக்கே கேட்டது. "பாப்போம்ண்ணே" என்றாள். இதுவரை "இல்லண்ணே, இங்கயே இருக்கேன்" என்றுதான் சொல்வாள். அந்தப் பாப்போமைக் கேட்டதும் எனக்குச் சோறு இறங்கவில்லை. என் சத்தமே அவளை வெளியே தள்ளுகிறது என்று முடிவு பண்ணிவிட்டேன்.

நம் வங்காளி மெக்கானிக் மண்டல் தாதாவிடம் போனேன். ஏர்போர்ட் ரோட்டில் அதே கடை, அதே பான் கறை. மழை முடிகிறவரை வண்டியை ஓட்டாமல் நிறுத்தி வைக்கப் போகிறேன், என்ன செய்யணும் என்று கேட்டேன். தினமும் ஸ்டார்ட் பண்ணிக்கொண்டுதான் இருக்கிறேன் என்றும் சொன்னேன், கொஞ்சம் பெருமையாகவே.

அவர் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "அரே அங்கிள், ரோஜ் பாஞ்ச் மினிட்? உஸ்ஸே தோ பேட்டரி அவுர் காலி ஹோதா ஹை" என்றார். தினமும் ஐந்து நிமிஷம் ஓட்டினால் பேட்டரி இன்னும் காலியாகத்தான் செய்யுமாம். ஸ்டார்ட் பண்ணும்போது இழுக்கிற கரண்ட், நிறுத்தி வைத்து ஐந்து நிமிஷம் ஓட்டினால் திரும்ப ஏறாதாம். ஒன்று, வண்டியை ரோட்டில் நன்றாக ஓட்ட வேண்டும். இல்லாவிட்டால் பேட்டரியைக் கழற்றித் தனியாக வைக்க வேண்டும். அப்படியென்றால் ஏழு மாதமாக நான் தினமும் காலையில் உன் பேட்டரியைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாகடித்துக்கொண்டிருந்திருக்கிறேன். உனக்கு இது தெரியாதா சரவணா? தெரிந்துதான், அப்பாவுக்கு ஏதாவது ஒரு வேலை இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போனாயா?

தானே வந்து கழற்றித் தருவதாகச் சொன்னார் தாதா. வேண்டாம், நானே செய்கிறேன் என்றேன். "டீக் ஹை. லேகின் பெஹ்லே மைனஸ், அங்கிள். ஹமேஷா பெஹ்லே மைனஸ்", எப்போதும் மைனஸ்தான் முதலில், என்று விரலை ஆட்டி இரண்டு தடவை சொன்னார்.

வீட்டுக்கு வந்து போனில் ஒரு வீடியோவும் பார்த்தேன். ஒரு வெள்ளைக்காரர், கம்பளித் தொப்பி, கையுறை, பின்னால் ஒரே பனி. குளிர்காலத்துக்கு பைக்கை எடுத்து வைப்பது எப்படி என்று விளக்குகிறார். இங்கே எனக்கு முதுகில் வியர்வை ஊற்றுகிறது, தகரத்தில் மழை கொட்டுகிறது. கடைசியில் அவர், பனி உருகியதும் மறுபடியும் ரோட்டில் சந்திப்போம் என்று சிரித்தார். அந்த இடத்தில் நான் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

உனக்குச் சிரிப்பு வரும், கேள். ஹேடோ துறைமுகத்தில் முப்பது வருஷம் சரக்கை எண்ணிக் கணக்கு எழுதும் டேலி கிளார்க்காக இருந்தவன் நான். மெயின்லேண்ட் கப்பலில் ஏற்றுகிற ஒவ்வொரு வண்டிக்கும் பெட்ரோல் காலியா, பேட்டரி கழற்றியாச்சா என்று பார்த்து டிக் போட்டே என் கை தேய்ந்தது. ஆனால் ஒரு தடவைகூட ஒரு பேட்டரியைக் கையால் தொட்டதில்லை. எது மைனஸ் என்று கண்டுபிடிக்கவே மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட வேண்டியிருந்தது.

சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன். பக்கத்து மூடியைக் கழற்றினேன். கடல் காத்துக்கு மைனஸ் முனையில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்துக் கிடந்தது. ஏன் அதை முதலில் எடுக்க வேண்டும் என்றும் தாதா சொல்லியிருந்தார். வண்டியின் இரும்பு உடம்பு முழுவதும் மைனஸோடுதான் சேர்ந்திருக்கிறது. ப்ளஸ்ஸை முதலில் தொட்டு, ஸ்பானர் தப்பித்தவறி இரும்பில் பட்டால் பொறி பறக்கும். மைனஸை விலக்கிவிட்டால் பிறகு எங்கே பட்டாலும் பயமில்லை. திரும்ப மாட்டும்போது தலைகீழ், முதலில் ப்ளஸ், கடைசியில் மைனஸ்.

மீட்டரில் நீ பத்து நிமிஷம் கூட்டி வைத்திருந்த கடிகாரம் இருக்குமே, லேட்டாகக் கூடாதென்று? மைனஸை விலக்கியதும் அது அணைந்துவிட்டது. இப்படி ஆகும் என்று நான் யோசிக்கவே இல்லை. உன் கை வைத்த நேரம் ஏழு மாதமாக அதில் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது, நான் ஒரு ஸ்பானரால் அதை நிறுத்திவிட்டேன். கொஞ்ச நேரம் வண்டிக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்திருந்தேன். பிறகு ப்ளஸ்ஸையும் எடுத்தேன். இரண்டு முனையையும் துடைத்து வாஸ்லின் தடவி, பேட்டரியைச் சாய்க்காமல் தூக்கிக்கொண்டு போய், என் அறையில் ஜன்னலோரம் ஒரு பலகை மேல் வைத்தேன். அடுப்புப் பக்கம் வைக்கக் கூடாதாம். மாதம் ஒருமுறை எடுத்து வந்தால் சார்ஜ் போட்டுத் தருவதாக தாதா சொல்லியிருக்கிறார்.

புவனாவிடம் எதுவும் சொல்லவில்லை. நேற்றுக் காலை டீயோடு வாசலில் உட்கார்ந்தேன். ஏழு மணி ஆயிற்று. கைக்கு வேலை இல்லை, மழையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இன்றைக்காவது அவள் நிம்மதியாக இருப்பாள் என்று எண்ணினேன்.

உள்ளே மிக்ஸி ஓட ஆரம்பித்தது.

பழக்கதோஷம் போலிருக்கிறது என்று முதலில் விட்டுவிட்டேன். ஆனால் நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தது. சமையல்கட்டுக்குப் போனேன். அதே மாதிரி சுவரைப் பார்த்து நிற்கிறாள். ஜாரில் ஒன்றுமே இல்லை, வெறும் ஜார் கிடந்து அலறுகிறது. மோட்டார் கருகிவிடுமே என்றுதான் ஸ்விட்சை அணைத்தேன், வேறு எதுவும் யோசித்து இல்லை. மிக்ஸி நின்றதும் அவள் சத்தம் கேட்டது. வாயில் துண்டை வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். நிறுத்தப் பார்த்தாள், முடியவில்லை.

"என்னம்மா இது?" என்றேன். வேறு என்ன கேட்பது?

"நீங்க அந்நேரம் வாசல்ல இருப்பீங்க மாமா. வண்டியும் மிக்ஸியும் ஓடுனா வெளிய கேக்காது. கேட்டா நீங்க ஒடஞ்சு போயிருவீங்கன்னுதான்."

"வண்டிச் சத்தம் ஒனக்குப் பிடிக்கலன்னுல்ல நெனச்சேன். அதான் பேட்டரியக் கழட்டிட்டேன்."

"அது அவுங்க சத்தங்க மாமா. அது எப்புடிப் பிடிக்காமப் போகும்?"

"திரும்ப மாட்டிடவா? எனக்கு இப்பத் தெரியும், ப்ளஸ் மொதல்ல" என்றேன், பைத்தியக்காரன் மாதிரி. அந்த அழுகையிலும் அவளுக்குச் சிரிப்பு எட்டிப் பார்த்தது. "வேணாம் மாமா. உக்காருங்க" என்றாள்.

தரையில் உட்கார்ந்தோம். நீ போனதிலிருந்து நாங்கள் இரண்டு பேரும் ஒருவர் எதிரில் ஒருவர் அழுததில்லை, சரவணா. நான் வாசலில், அவள் உள்ளே, நடுவில் ஒரு சுவர். ஏழு மாதம் தைரியசாலிகளாக நடித்திருக்கிறோம். நேற்று அழுதோம். பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும், கேட்கட்டும். நீ ஆஸ்பத்திரியில் கடைசியாக என்ன பேசினாய் என்பதை அவள் அப்போதுதான் முதல்முறையாக என்னிடம் சொன்னாள். அதை இங்கே எழுத மாட்டேன், அது எங்கள் இருவருக்கும் உள்ளது. அவள் ஆபீசுக்குப் போகும்போது பத்தரை ஆகிவிட்டது.

அவள் இங்கே இருப்பாளா, கச்சாலுக்குப் போவாளா என்று இன்னும் எனக்குத் தெரியாது. கேட்கவும் மாட்டேன். போகிறேன் என்றால் கப்பல் டிக்கெட்டுக்கு நானே வரிசையில் நிற்பேன், என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டு அவள் தங்கும்படி ஒரு முகத்தை வைத்துக்கொள்ள மாட்டேன். இருக்கிறேன் என்றால், அவள் இருக்கிறவரை, உன்னை நினைத்து வாய்விட்டு அழுவதற்கு அவள் இந்த வீட்டில் யாருக்கும் பயப்பட வேண்டியதில்லை. இது நான் உனக்குத் தருகிற வாக்கு. இந்தக் கடிதத்தை முதலில் அவள்தான் படிக்கப் போகிறாள், அதனால் மாற்றிப் பேசவும் முடியாது.

இப்படிக்கு,
உன் அப்பா,
புவனாவின் மாமா.