கோயா மலையில் ஒரு துவாய்

இன்று ஒஸ்லோவின் கிரோன்லான்ட் பகுதியில் உள்ள வியட்நாமியக் கடைக்குக் கறிவேப்பிலை வாங்கப் போனேன். கல்லாவுக்கு அருகே சின்னப் புத்தருக்கு ஊதுபத்தி கொளுத்தியிருந்தார்கள். முன்பென்றால் வெறுங்கையோடு திரும்பியிருப்பேன். இன்று ஆறுதலாக நின்று அந்த வாசனையைப் பிடித்தேன். நீ பக்கத்தில் இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாய்.

ஜப்பானுக்குப் போவோம் என்று பிடிவாதம் பிடித்தவள் நீதான். முதியோர் இல்லத்தில் வேலை செய்த நம் இருவருக்கும் ஒன்றாகக் கிடைத்த விடுமுறை அது. கோயா மலையில் விகாரை விடுதியில் தங்கப்போகிறோம் என்பதை, மலை ரயிலில் ஏறிய பிறகுதான் சொன்னாய், கள்ளி. போரில் நாங்கள் இடம்பெயர்ந்திருந்த காலத்தில், மன்னாரில் அப்பாவின் காணியில் ஒரு புத்தர் சிலை முளைத்திருந்தது. அந்தக் காணிக்குள் மறுபடி கால் வைக்காமலே அப்பா கண்ணை மூடினார். அந்தப் புத்தரின் கூரைக்குக் கீழே நான் படுப்பதா?

அறைச் சுவரில் அவருடைய படம் தொங்கியது. முகம் துடைத்த என் ஈரத் துவாயை அதன்மேல் போட்டு மூடினேன். சாப்பாட்டோடு வந்த இளம் பிக்கு அதைப் பார்த்தார். போய், ஈரத்துணி காயப்போடும் மரச்சட்டம் ஒன்றைக் கொண்டுவந்து பணிவாக வைத்துவிட்டுப் போனார். வெட்கத்தில் எனக்கு முகம் சிவந்தது.

"அந்த மனுசன் உன்ரை காணியைப் பிடிக்கேல்லையடி," என்றாய். "பிடிச்ச ஆக்களோடை சண்டை பிடி. இவரோடை உனக்கென்ன?"

"நீ சொல்லுவாய். உன்ரை காணி பத்திரமாக் கிடக்குது," என்று சீறினேன்.

"ஓம். கோவத்தையெல்லாம் இவரிலை கொட்டிப்போட்டு, காணிக் கந்தோர்ப் பக்கம் நீ ஒருநாளும் போகேல்லை."

நீ சொன்னது உண்மை. அதனால்தான் அன்றிரவு உன்னோடு பேசவில்லை.

விடிந்ததும் பூசைக்கு நீ எழும்ப, நானும் பின்னால் வந்தேன். குளிரில் உடம்பு வெடவெடத்தது. ஒஸ்லோவிலிருந்து வந்தவர்கள் என்று வெளியே சொல்ல முடியாது. பிக்குகள் ஓத, நான் செபமாலையைப் பிடித்தபடி அப்பாவுக்காக மன்றாடினேன். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. மண்டபத்தைவிட்டு வெளியே வந்தபோது, மலை ஏறியதிலிருந்து முதன்முறையாக எனக்குப் பசித்தது.

உன்னை அடக்கம் செய்ததற்கு அடுத்த கோடையில், அப்பாவின் காணி உறுதிப் பத்திரத்தோடு மன்னார்க் காணிக் கந்தோருக்குப் போனேன். "சிலை விசயம், அம்மா, கஷ்டம்," என்று இழுத்தார் அதிகாரி.

"சிலையோடை எனக்கு ஒரு கோவமும் இல்லை, ஐயா. உடையாமல், மரியாதையாக் கொண்டுபோய் நல்ல இடத்திலை வையுங்கோ. காணி எங்கடை."

இன்னும் தரவில்லை. தரும்வரை போய்க் கேட்பேன். வெறுப்பில்லாமல் கேட்டால் குரல் நடுங்காதடி. அதை எனக்குக் காட்டிவிட்டுப் போனவள் நீ.