எடுக்காத பொட்டலம்

அக்கா,

கம்மஞ்சோறு உறியில இருக்குது, மோர் ஊத்திச் சாப்பிடு. சாவியைப் பக்கத்து வீட்டு அங்கம்மாகிட்ட கொடுத்திருக்கேன். நான் சிதம்பரத்துப் பெரிய யுனிவர்சிட்டிக்கே போறேன்.

நேத்து மாரியம்மன் கோயில்ல பூக்கட்டிப் பார்த்தோமே, சிவப்பு வந்தா சிதம்பரம், வெள்ளை வந்தா சேலத்துச் சின்னக் காலேஜ்னு. வெள்ளை வந்ததும் கன்னத்துல போட்டுக்கிட்ட. நீ கட்டி வெச்சதுல எடுக்காத பொட்டலத்தை அப்புறம் நான் பிரிச்சுப் பார்த்தேன். அதுலயும் வெள்ளை! சாமிகிட்டயே ஏமாத்து வேலையா? சேலத்துல வாத்தியார் பேர் சொல்லிக் கூப்பிடுவாராம், காய்ச்சல்னா நீ ஓடி வருவியாம். நான் என்ன கைக்குழந்தையா? சிதம்பரத்துல அத்தனை பேர் கூட்டத்துல நான் தொலைஞ்சு போயிடுவேன்னு அழுதியே, தொலைஞ்சுதான் பார்க்கறேன்.

மாமா வந்து கேட்டா நீயே பதில் சொல்லிக்க. கோபம் தீரலை. ஆனாலும் உன் போர்வையை எடுத்துக்கிட்டுப் போறேன்.

சின்னராஜ்

இதையும் எழுதிடறேன். விடியக்காலையில நானே போய், ஒண்ணுல சிவப்பு அரளி, ஒண்ணுல வெள்ளைன்னு சரியா கட்டி வெச்சு, பூசாரி மகளை எடுக்கச் சொன்னேன். வெள்ளைதான் வந்துச்சு. மனசு கேக்காம மறுபடியும் கட்டினேன். மறுபடியும் வெள்ளை.

சிதம்பரம் ரயிலுக்கு நேரமாச்சு. அம்மனுக்கு விளக்குப் போடு அக்கா.