நீ பேசாமல் நின்ற கடை

அம்மா,

இன்று காலை அலுவலகத்தில் ஒரு பழைய கணினியைத் திறந்தேன். மதர்போர்டின் மேல் படிந்திருந்த தூசியைத் துடைத்தபோது 110 என்ற எண் தெரிந்தது. உடனே உன் குரல் கேட்டது: "ஒன்னு ஒன்னு சைபர். இது நம்ம பஸ் இல்ல பாப்பா."

உனக்கு எழுத்து தெரியாது, எண் தெரியும். டெல்லிக்கு வந்த புதிதில் பஸ் நம்பர்களைப் பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டாய். அதனால் இதை உனக்கு வாசித்துக் காட்டுவதுபோலவே எழுதுகிறேன். வழக்கம்போல நடுவில் நீ "அப்புறம்?" என்று கேட்கலாம்.

நான் பட்டப்படிப்பை முடித்திருந்த நேரம் அது. நம் குடும்பத்தில் முதல் பட்டம். வேலைக்கான முதல் தேர்வை ஞாயிற்றுக்கிழமை வீட்டிலிருந்தே கணினியில் எழுத வேண்டும், போனில் முடியாது. மயூர் விஹாரில் நீ வேலை செய்த மூன்றாம் மாடி வீட்டில் கணினியின் மதர்போர்டு கருகிப்போனது. அவர்கள் புதிதாக வாங்கிக்கொண்டு, பழையதைத் திரையோடும் பெட்டியோடும் உன்னிடம் கொடுத்துவிட்டார்கள். அங்கிருந்து நம் வீடு வரை நான்கு தெருவும் நீ அதைத் தலையில் சுமந்தே வந்தாய். உள்ளே இருந்த ப்ராசசர் நன்றாகத்தான் இருந்தது. அதற்கேற்ற மதர்போர்டு ஒன்று கிடைத்தால் போதும்.

வெள்ளிக்கிழமை நேரு பிளேஸ் போனோம். பழைய கணினிச் சாமான் விற்கும் கடைக்காரரிடம் நீ அரை மணி நேரம் பேரம் பேசினாய். பாதி ஹிந்தி, பாதி கள்ளக்குறிச்சி. அவர் சிரித்துக்கொண்டே ஒரு போர்டை எடுத்து வைத்தார். அதில் 110 என்று இருந்தது. நமக்கு வேண்டியது 310 என்று முந்தின நாளே படித்து வைத்திருந்தேன்.

"பையா, எங்க ப்ராசசர் எட்டாவது ஜெனரேஷன்..." என்றேன். எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

"ஸேம் சாக்கெட். சலேகா," ஓடும் என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளிடம் திரும்பிவிட்டார். நீ ஜெயித்த முகத்தோடு பையை நீட்டினாய். நான் வாயை மூடிக்கொண்டேன்.

வீட்டில் ப்ராசசர் அந்தப் போர்டில் அழகாக உட்கார்ந்தது. விசிறி சுழன்றது. திரை மட்டும் கறுப்பாகவே இருந்தது. "சாமி கும்பிட்டுட்டுப் போடு," என்றாய். கும்பிட்டுவிட்டும் போட்டேன். அதன் பிறகுதான் உண்மையைச் சொன்னேன். ப்ராசசரின் மேல் இருக்கும் எண்ணில் முதல் இலக்கம்தான் தலைமுறை, நம்முடையது எட்டில் தொடங்குகிறது. ஆறுக்கும் ஏழுக்கும் ஒரு வகை போர்டு, எட்டுக்கும் ஒன்பதுக்கும் வேறு வகை. இரண்டிலும் உட்காரும் இடம் ஒரே அளவு என்பதால் பார்த்தால் வித்தியாசம் தெரியாது.

வெங்காயம் உரிப்பதை நிறுத்திவிட்டு யோசித்தாய். "ரெண்டு பஸ்ஸும் ஒரே ஸ்டாப்புலதான் நிக்குது. ஏறிக் குந்தவும் எடம் இருக்குது. ஆனா இது நம்ம பக்கம் போவாது. அவ்ளோதான?"

"அவ்ளோதான்மா."

"அப்ப தெரிஞ்சேவா வாங்கியாந்த?"

"அந்த ஆளு ஓடும்னு சொன்னாரும்மா..."

"அவரு சொல்லுவாரு. நீ வாயில என்னா கொழுக்கட்டையா வெச்சிருந்த?"

நான் சிரிப்பேன் என்று பார்த்தாய். அழுதேன். முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டுச் சொன்னாய்: "நாளைக்குப் போறோம். நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன். நீதான் பேசணும்."

நான் அதை நம்பவில்லை. மறுநாள் போகும் வழியிலேயே ரிக்‌ஷாக்காரரிடம் ஒரு சண்டை, மெட்ரோவில் இடத்துக்கு ஒரு சண்டை. ஆனால் கடை வாசலுக்கு வந்ததும் முந்தானை நுனியைச் சுருட்டி வாயில் வைத்துக் கடித்துக்கொண்டாய்.

"க்யா ஹுவா, மாதாஜி?" என்ன ஆயிற்று என்று அவர் உன்னைத்தான் கேட்டார். நீ மோவாயால் என்னைக் காட்டினாய். போர்டைப் பார்த்ததும் அவர் குரல் மாறியது. நீங்கள்தான் எதையோ வளைத்துக் கெடுத்திருப்பீர்கள், விற்ற சாமான் வாபஸ் கிடையாது என்றார். என் காது சுட்டது. உன்னைத் திரும்பிப் பார்த்தேன். நீ கூரையில் சுற்றும் விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

"பையா," என்றேன். இந்த முறை கடைக்கு வெளியேயும் கேட்டிருக்கும். "போர்டு கெடல. உங்ககிட்ட இருக்கிற ஆறாவது ஜெனரேஷன் ப்ராசசர் ஒண்ணை இதுல போடுங்க. படம் வரலைன்னா நான் திரும்பிப் போறேன். வந்தா 310 குடுங்க."

முனகிக்கொண்டே போட்டார். படம் வந்தது. அவர் என்னை ஒரு முறை பார்த்துவிட்டு உள்ளே போய் 310-ஐ எடுத்து வந்தார். கையோடு கொண்டுபோயிருந்த நம் ப்ராசசரை அதில் வைத்து, திரை ஒளிர்ந்த பிறகே பையில் போடவிட்டேன்.

அதுவரை அடைத்து வைத்ததையெல்லாம் அப்போதுதான் திறந்தாய். "மேரா பொண்ணு ஹை! கல்லே சொன்னா, தும் நஹீ சுனா!" என் பொண்ணு நேற்றே சொன்னாள், நீதான் கேட்கவில்லை என்று நீ போட்ட சத்தத்தில் பக்கத்துக் கடைக்காரர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள். வழக்கமாக அந்த மாதிரி நேரத்தில் நான் பத்தடி தள்ளி நிற்பேன். அன்று உன் பக்கத்திலேயே நின்றேன்.

ஞாயிற்றுக்கிழமை எழுதிய தேர்வில் நான் தேறவில்லை. அதற்கடுத்ததிலும் இல்லை. மூன்றாவதுதான் லோதி ரோட்டில் இருக்கும் இந்த வேலை. மூன்றையும் நீ பொட்டு ஒட்டி வைத்த அந்தப் பெட்டியில்தான் எழுதினேன். என் அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, கண்ணாடி முன்னால் ஆபீசராட்டம் நடந்து காட்டினாயே, அதை நீ இருந்து பார்த்ததில் எனக்கு நிறைவு. நீ போய் இரண்டு வருடம் ஆகிறது. பெட்டி இன்னும் ஓடுகிறது.

இன்று காலை நடந்தது இதுதான். பழைய கணினிகளைச் சரிசெய்து ஒரு பள்ளிக்கு அனுப்பப்போகிறோம். எங்கள் மேலதிகாரி வந்து பார்த்துவிட்டு, மீந்திருக்கும் எட்டாம் தலைமுறை ப்ராசசர்களை இந்த 110 போர்டுகளில் போட்டுவிடலாம், சாக்கெட் ஒன்றுதானே என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள்.

"உட்காரும் சார். ஓடாது," என்றேன். குரல் நடுங்கியது. அது இன்னும் போகவில்லை அம்மா. ஆனாலும் ஏன் ஓடாது என்பதைக் கடைசிவரை சொல்லி முடித்தேன். அவர் "அச்சா" என்று பட்டியலைத் திருத்தச் சொன்னார்.

பிறகு பார்த்தால் துப்பட்டாவின் நுனி என் கைக்குள் கசங்கிக் கிடந்தது. அதை நான் வாய்ப்பக்கம் கொண்டுபோகவில்லை. அது உன் வேலை.