ரோபோ போன வயலில் முதல் அடி

என் பிரியமுள்ள அண்ணா,

நீங்கள் இருக்கும் இடத்தில் மிதிவெடி கிடையாது என்று நம்புகிறேன். இங்கே இன்னும் எடுத்துக்கொண்டுதான் இருக்கிறோம். சண்டை நின்றிருக்கிறது. முடிந்துவிட்டது என்று சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை.

உங்களிடம் ஒன்று சொல்லியாக வேண்டும். எப்படித் தொடங்குவதென்று தெரியாமல் நாட்களைக் கடத்திவிட்டேன்.

எங்கள் நிறுவனத்துக்கு ஓர் இயந்திரம் வந்திருக்கிறது. ஆள் ஏறத் தேவையில்லை. எட்ட நின்று, கழுத்தில் தொங்கும் பெட்டியில் பிடியை அசைத்தால் போதும், முன்னால் சங்கிலிகள் சுழன்று நிலத்தை அடித்துக்கொண்டே போகும். வெடித்தால் இரும்பு தாங்கிக்கொள்ளும். ஊரில் அதற்கு ரோபோ என்று பெயர் வைத்துவிட்டார்கள். அதை ஓட்டுபவன் உங்கள் தம்பி.

அம்மா ஒருநாள் பார்க்க வந்தார். ரோட்டில் நின்று நெடுநேரம் பார்த்தார்.

"இந்தச் சாமான் அப்ப எங்க கிடந்தது, மனே?" என்று மட்டும் கேட்டார்.

நீங்கள் குப்புறக் கிடந்து கம்பியால் மண்ணைக் குத்திப் பார்த்துக்கொண்டிருந்த அந்தக் காலையில் அது எங்கே கிடந்தது, அண்ணா?

உங்களுக்குப் பிறகு மச்சாள் உங்கள் வேலைக்கே வந்தார். உங்கள் பிள்ளைகளுக்குச் சோறு வேண்டுமே. ரோபோ வந்ததும், அது அடித்த இடத்தைக் கையால் சோதிக்கப் பாதி ஆட்கள் போதும் என்றார் அதிகாரி. யாரை நிறுத்தலாம் என்று என்னிடம்தான் கேட்டார். என் வாயில் முதலில் வந்தது மச்சாளின் பெயர். உங்களை விழுங்கிய வேலை அவரையாவது விடட்டும் என்று நினைத்தேன். நல்லது செய்கிறேன் என்றே நினைத்தேன். அவரிடம் ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை.

வீட்டுக்குப் போய்ச் சொன்னபோது மச்சாள் அரிசி களைந்துகொண்டிருந்தார். கை நிற்கவில்லை.

"உங்கட அண்ணன் செத்ததால எனக்கு வேலை வந்தது. இனி ஒருத்தரும் சாகமாட்டாங்க எண்டதால போகுதோ, தம்பி?"

அதற்கான பதிலை நீங்களாவது சொல்லுங்கள்.

போன கிழமை பழுகாமத்துப் பக்கம் காத்தமுத்தரின் வயலை ஒப்படைத்தோம். நம் வழக்கம் உங்களுக்குத் தெரியாததா? வெடி எடுத்துத் துப்புரவாக்கியவர்கள் முதலில் குறுக்கே நடப்பார்கள். வயல்காரர் பின்னால் வருவார். நீங்கள் என்றால் வெறுங்காலோடு நடந்து, கடைசியில் ஒரு துள்ளலும் போடுவீர்கள். அன்று சோதித்த ஆட்கள் அடுத்த நிலத்துக்குப் போய்விட்டார்கள். நானும் ரோபோவும் அதிகாரியும்தான் நின்றோம்.

காத்தமுத்தர் இயந்திரத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இதுக்குக் காலில்ல. ஆரு, மனே, முதல்ல நடக்கிறது?"

நான்தான் நடந்திருக்க வேண்டும். கால் எழவில்லை. கையால் தடவித் தடவி அறிந்த நிலம் என்றால் ஒரு துணிவு இருக்கும். அந்த மண்ணை நான் தொட்டதே இல்லை. பெட்டியின் வாரைக் கழற்றுவதுபோல் பாவனை செய்துகொண்டு நின்றேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது.

மச்சாள் அன்று தன் தலைக்கவசத்தையும் பாதுகாப்பு உடுப்பையும் திருப்பிக் கொடுக்க வந்திருந்தார். அவற்றை என் பக்கத்தில் வைத்தார். செருப்பைக் கழற்றினார்.

"பயப்படாதீங்க தம்பி. சோதிச்சது என்னோட வேலை செஞ்ச நம்மட பிள்ளைகள்" என்று சொல்லிவிட்டு இறங்கினார்.

எதிர் வரம்புவரை போய்த் திரும்பினார். காத்தமுத்தர் அவர் அடியிலேயே அடிவைத்துப் பின்னால் நடந்தார். நான் நின்ற இடத்திலேயே நின்றேன்.

இனித்தான் கேளுங்கள். அதிகாரிக்குப் பெரிய சந்தோஷம். நிலம் ஒப்படைக்கும் நாட்களுக்கு மட்டும் மச்சாளை மறுபடி எடுத்துக்கொள்கிறார்களாம், முதலில் நடந்து காட்டுவதற்கு. வெடி எடுப்பது இயந்திரம், மிதித்துக் காட்டுவது உங்கள் மனைவி. அவரைக் காப்பாற்றப் போய் நான் வாங்கிக் கொடுத்த உத்தியோகம் இது, அண்ணா.

மச்சாள் ஓம், வருகிறேன் என்று சொல்லிவிட்டார். மறித்துப் பார்த்தேன், கேட்கவில்லை. வேறு வேலை காட்டுங்கள் என்று அவர் கேட்டால் நான் எதைக் காட்டுவேன்? ரோபோவை விட்டுவிடவும் நினைத்தேன். ஆனால் அது வந்த பிறகு இங்கே ஒருவரும் காயப்படவில்லை. அதையும் உங்களிடம் மறைக்க முடியாது.

செவ்வாய்க்கிழமை அடுத்த வயலை ஒப்படைக்கிறோம். அன்று முதலில் இறங்குவது நான். மச்சாள் வைக்கும் ஒவ்வோர் அடியும் நான் மிதித்துவிட்ட இடத்தில்தான் விழும். உங்கள் மேல் சத்தியம்.

மன்னிப்புக் கேட்க முகமில்லாத,
உங்கள் உடன்பிறந்த தம்பி