அக்கா சொன்ன துறைப்பெயர்கள்

பெருநகர் கிராமம்,
ஞாயிறு

அன்புள்ள தேசிங்கு,

என் கடற்கரை வரலாற்று நூல் வந்த நாளிலிருந்து நீ என்னோடு பேசுவதில்லை. இங்கே ஏரி நிரம்பியிருக்கிறது. நாற்று விட்டாயிற்று.

நேற்று உங்கள் வக்கீல் போன் செய்தார். குப்பத்தைக் காலிசெய்யச் சொல்லும் வழக்கு வியாழக்கிழமை வருகிறதாம். உன் அக்கா பாடிய பாட்டில் தலைமுறைகளாக நீங்கள் படகேற்றிய துறைகளின் பெயர்கள் உண்டாமே, அவை நூலில் ஏன் இல்லை என்று கேட்டார். இருபது வருடத்துக்கு முன் நான் பதிவுசெய்த கேசட்டில் இருக்கும், கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

இன்று காலை அதைப் போட்டுக் கேட்டேன். அக்கா கணீரென்று மூன்று துறைகளைச் சொல்கிறார். நான்காவதற்கு வாயெடுக்கும்போது ஓர் ஆள் குறுக்கிடுகிறான்.

"பேரெல்லாம் வேணாம்மா, நேரமாவுது. பாட்ட மட்டும் பாடு."

"இன்னா சார், பேருதான் பாட்டே!"

பிறகு டேப்பை நிறுத்தும் சத்தம்.

மீதியைச் சொல்ல அக்காவும் இப்போது உயிரோடு இல்லை. கேசட் பூசணம் பிடித்துவிட்டது என்று சொல்லிவிடலாமா என்றுகூட யோசித்தேன். மூன்று பெயராவது உங்களுக்கு உதவும். எடுத்து வருகிறேன்.

கோர்ட்டில் அந்த ஆளின் குரல் ஒலிக்கும்போது மட்டும் என் பக்கம் திரும்பிப் பார்க்காதே.

உன் வீட்டில் மீன்குழம்பு சாப்பிட்டவன்