யார் போட்ட கையெழுத்து

6-1-1974, ஞாயிறு

விண்ணப்பத்தை மறுபடியும் நல்ல தாளில் எழுதினேன். அரசு நெல் கொள்முதல் நிலையத்தில் பருவகாலப் பட்டியல் எழுத்தர் வேலை. மூட்டையை எடை போட்டதும் யாருடைய நெல், எவ்வளவு என்று எழுத வேண்டும். எஸ்.எஸ்.எல்.சி. இருக்கிறது. டைப்ரைட்டிங் லோயர் இருக்கிறது. இல்லாதது ஒன்றுதான் - உள்ளூர்ப் பெரிய மனிதர் ஒருவரின் நன்னடத்தைச் சான்று.

டைப்ரைட்டிங் வகுப்பில் என்னுடன் படித்த ஆயிஷா சிரிக்கிறாள். "மார்க்கையா பாக்கப் போறாங்க? அடியில யாரு கையெழுத்துன்னுதான் பாப்பாங்க. உங்க ஊரு மிராசுகிட்ட போடி."

போ என்று சொல்வது சுலபம். அறுப்புக் கூலியை உயர்த்தாமல் வயலில் இறங்குவதில்லை என்று எங்கள் தெரு மொத்தமும் உட்கார்ந்திருக்கிறது. சங்கத் தலைவர் ராசு சித்தப்பா. அவருக்கு அடுத்தபடி சத்தமாகப் பேசுகிறவர் என் அப்பா. நான் எந்த முகத்தோடு மிராசுதாரிடம் போய் நிற்பது?

8-1-1974, செவ்வாய்

போனேன். கொல்லைப்புறமாகத்தான். எந்த ஆட்சி வந்து என்ன, வைரக்கண்ணு மிராசுதார் வீட்டு முன்வாசலில் கால் வைக்க எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை. எங்கள் தெருவே கூப்பிடுகிற மாதிரி 'ஆண்டே' என்று கூப்பிட வாய் வரவில்லை. 'ஐயா' என்றேன். அவர் அதைக் கவனித்தார்.

"அய்யாக்கண்ணு மவ எல்லையம்மாதானே? படிச்சிருக்கியாம், சந்தோசம். கையெழுத்து எங்க ஓடிப்போவுது? உங்கப்பன அறுப்புக்கு எறங்கச் சொல்லு. அவன் எறங்கினா நாலு பேரு எறங்குவான். அன்னைக்கு சாயந்தரமே வந்து வாங்கிக்க."

குரலைக்கூட உயர்த்தவில்லை. வரப்பு நெடுக ஓட்டமாய் வந்தேன். அப்பாவிடம் சொல்லப் போவதில்லை. வேலையும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம்.

9-1-1974

அம்மாவிடம் சொல்லியிருக்கக் கூடாது.

10-1-1974, வியாழன்

அப்பா இன்று அறுக்கப் போய்விட்டார்.

நான் விழித்துக்கொண்டுதான் படுத்திருந்தேன். கூரையில் செருகியிருந்த அரிவாளை அவர் உருவும் சத்தம் கேட்டது. எழுந்து, போகாதீங்கப்பா என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஏன் சொல்லலே? வேலை வேணும். அதான். வேற என்ன?

மிராசு சொன்னபடியே நடந்தது. பத்து மணிக்குள் இன்னும் நாலு பேர் இறங்கிவிட்டார்களாம். ராசு சித்தப்பா வாய்க்கால் மதகில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாராம், ஒரு வார்த்தை திட்டவில்லையாம். திட்டியிருந்தால் தேவலை.

சாயந்தரம் சான்று வந்தது. 'இப்பெண்ணின் குடும்பம் பணிவுள்ளது' என்று எழுதியிருக்கிறார். அதை அப்பாவுக்குப் படித்துக் காட்டவில்லை.

14-1-1974

பொங்கல். எங்கள் வீட்டுக்கு யாரும் வரவில்லை. நாங்களும் எங்கும் போகவில்லை.

17-1-1974, வியாழன்

மன்னார்குடியில் நேர்காணல். அதிகாரி என் மார்க்குகளை ஒரு பார்வை பார்த்தார். சான்றிதழைத்தான் படித்தார். ஆயிஷா சொன்னது சரிதான் என்று நினைத்தேன்.

"இவரு நெல்லும் நம்ம நிலையத்துக்குத்தானே வரும்?"

"ஆமாங்க சார்."

"அப்ப அவரு மூட்டைக்கு நீதான் பட்டியல் போடணும். அவரு அனுப்பின புள்ளைய நான் எப்படிம்மா தராசுகிட்ட உக்கார வைக்கிறது?" எனக்கு முன்னால் வந்தவர்கள் எல்லோரும் ஏதோ ஒரு மிராசுதார் கையெழுத்தோடுதான் வந்தார்களாம். "எல்லாரும் இதையேதான் கொண்டாறீங்க. நெல்லு விக்காத ஆளு ஒருத்தர்கிட்ட வாங்கிட்டு வா. திங்கக்கிழமை வரைக்கும் பாக்குறேன். உங்க ஊர்ல பஞ்சாயத்து மெம்பர் யாரும் இல்லையா?"

இருக்கிறார். ராசு சித்தப்பா.

எனக்கு அங்கேயே கத்தி அழவேண்டும் போலிருந்தது. ஒன்றுக்கும் உதவாத காகிதத்துக்காகவா எங்கப்பா எல்லார் முன்னாடியும் போய்க் குனிஞ்சாரு? பஸ்ஸில் உட்கார இடம் இருந்தும் நின்றுகொண்டே வந்தேன்.

வீட்டில் அப்பா கேட்டார், "சாரு என்ன சொன்னாரு?" இன்னும் ஒரு தாள் கேட்கிறார்கள் என்று மட்டும் சொன்னேன்.

19-1-1974, சனி

ராசு சித்தப்பா வீட்டுக்குப் போகாமல் தப்பிக்க வழி தேடியதில் நேற்று ஒரு நாள் போய்விட்டது. இன்று போனேன். சித்தி ரெங்கம்மாள் என்னைப் பார்த்ததும் முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன், மிராசு கேட்டது, அப்பா போனது, அதிகாரி சொன்னது எல்லாம்.

சித்தப்பா நம்பவில்லை. "ஒரு ஆபீசரு, மிராசு கையெழுத்து வேணாம், எங்கையெழுத்து வேணும்னாரா?"

"ஆமா சித்தப்பா."

நான் எழுதிக் கொண்டுபோயிருந்த சான்றுத் தாளை வாங்கிப் படித்தார். பிறகு பேனாவைக் கேட்டார். "இத மொதல்லயே எங்கிட்ட வந்து கேக்கத் தோணலல்ல உனக்கு?"

தோன்றவே இல்லை. பெரிய மனிதர் என்றால் மாடிவீடு என்றுதான் எனக்கும் புத்தி போயிருக்கிறது.

கையெழுத்துப் போட்டுவிட்டு, "உனக்காவ போட்டேன். உங்கப்பன் பேச்சு மட்டும் எடுக்காத" என்றார்.

28-1-1974, திங்கள்

வேலை உத்தரவு வந்துவிட்டது! அம்மா அழுதாள். அப்பா தாளைக் கையில் வாங்கி, தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

தெருவிலும் ஒரே சத்தம். சங்கம் கேட்ட கூலிக்கு மிராசுதார்கள் ஒப்புக்கொண்டுவிட்டார்கள். மீதி வயலுக்கு நாளை முதல் எல்லோரும் இறங்குகிறார்கள்.

1-2-1974, வெள்ளி

நேற்றுக் களத்தில் புதுக் கூலி நெல் அளந்தார்களாம். களத்திலிருந்து வந்ததும் அம்மா என்னைப் பிடித்துக்கொண்டாள். "எல்லாரும் துண்ட விரிச்சு வாங்குறாங்க. இந்த மனுசன் பழைய அளவுக்கு மேல வந்தத அள்ளித் திருப்பி அம்பாரத்துலயே கொட்டிட்டாரு. ஏன்யா இப்படிப் பண்றன்னு கேட்டா, 'எம் பங்க நான் முன்னாடியே வாங்கிட்டேன்'ங்குறாரு. என்னத்த வாங்குனாரு? கேளேண்டி உங்கப்பாவ!"

அப்பா முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு சாப்பிட்டார். நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியும்.

இன்று காலை வேலையில் சேர்ந்தேன்.